கீப்பரா, ஓப்பனரா, ஸ்பின்னரா? மதுரை கமலினி முன் இருக்கும் கேள்வி

டிசம்பர் 30, 2025. திருவனந்தபுரத்தில் இலங்கைக்கு எதிரான டி20 தொடரின் 5-வது, கடைசி ஆட்டம். தொடரை இந்திய மகளிர் அணி ஏற்கெனவே கைப்பற்றிவிட்டதால் ஸ்மிருதி மந்தனாவுக்கு ஓய்வு. அவர் இடத்தில் ஷஃபாலி வர்மாவுடன் இறங்கியவர், 17 வயது இடதுகை பேட்டர் ஜி.கமலினி. மதுரைப் பொண்ணு. எடுத்தது 12 ரன்.

ஸ்கோர் கார்டை மட்டும் பார்த்தால் இதில் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு சின்ன விஷயம் உறுத்துகிறது. அந்தத் தொடருக்கான 15 பேர் பட்டியலில் கமலினியின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது 'விக்கெட் கீப்பர்'. களத்தில் இறங்கியதோ ஓப்பனராக. ஓராண்டுக்கு முன் மகளிர் பிரீமியர் லீக் (டபிள்யூபிஎல்) ஏலத்தில் கோடிகளுக்குப் போனபோது செய்திகளில் வந்த அடையாளம் 'ஆல்ரவுண்டர்'. சுழற்பந்தும் வீசத் தெரியும்.

அப்போ, கமலினி யார்? கேள்வி விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் அடுத்த சில வருடங்களில் அவருடைய கரியர் எந்தப் பக்கம் போகும் என்பது இதற்கான பதிலில்தான் இருக்கிறது.

1.60 கோடி எப்படி 50 லட்சம் ஆனது?

முதலில், சமூக வலைதளங்களில் பலர் குழம்பிய விஷயத்தைப் பார்த்துவிடலாம்.

2024 டிசம்பர் 15 அன்று பெங்களூருவில் டபிள்யூபிஎல் ஏலம். அப்போது கமலினிக்கு 16 வயது. அடிப்படை விலை 10 லட்சம். மும்பை இந்தியன்ஸ் அவரை 1.60 கோடிக்கு எடுத்தது. அன்று மும்பை கையில் இருந்த மொத்தத் தொகையே 2.65 கோடிதான். அதாவது, இருந்த காசில் பாதிக்கும் மேலே ஒரே பள்ளி மாணவிக்காகக் கொட்டினார்கள். அதே நாளில் கோலாலம்பூரில் 19 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக கமலினி 29 பந்தில் 44 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். ஏலக்காரர்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

2025 நவம்பரில் அணிகள் யாரைத் தக்கவைக்கின்றன என்ற பட்டியல் வந்தது. மும்பை ஐந்து பேரை வைத்துக்கொண்டது: நாட் சிவர்-பிரன்ட் 3.5 கோடி, கேப்டன் ஹர்மன்பிரீத் கவுர் 2.5 கோடி, ஹேலி மேத்யூஸ் 1.75 கோடி, அமன்ஜோத் கவுர் 1 கோடி, கமலினி 50 லட்சம். 'மதிப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைஞ்சிடுச்சே' என்று உடனே பேச்சு கிளம்பியது.

உண்மையில் குறைந்தது கமலினியின் மதிப்பு இல்லை. ஒரு அணி ஐந்து பேரைத் தக்கவைக்க வேண்டுமென்றால், அதில் குறைந்தது ஒருவர் சர்வதேசப் போட்டி ஆடாத இந்தியராக இருக்க வேண்டும் என்பது விதி. ஏலப் பாஷையில் 'அன்கேப்டு'. அந்த இடத்துக்கான தொகை 50 லட்சம். டெல்லி கேபிடல்ஸ் அணியும் இதே கணக்கில், 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற கேப்டன் நிக்கி பிரசாத்தை 50 லட்சத்துக்குத்தான் வைத்துக்கொண்டது.

மும்பை பக்கம் இருந்து பார்த்தால் இது லாபமான கணக்கு. 15 கோடியில் ஐவருக்கு 9.25 கோடி போக மீதி 5.75 கோடி. அதில் 3 கோடியைக் கொட்டி அமேலியா கெரை ஏலத்தில் திரும்ப எடுத்தார்கள். கமலினி ஏலத்துக்குப் போயிருந்தால் 50 லட்சத்தில் நின்றிருக்குமா என்பது சந்தேகமே. ஆக, தொகையைத் தீர்மானித்தது திறமை இல்லை, அவர் நின்ற வரிசை. டிசம்பர் 30-க்குப் பிறகு அந்த வரிசையில் அவர் இல்லை. இந்தியாவுக்கு ஆடிவிட்டதால் அடுத்த சுற்றில் 'அன்கேப்டு' பட்டியலில் அவர் பெயர் வராது.

மூன்று வேலை தெரியும். ஒரே ஆட்டத்தில் மூன்றும் செய்ய முடியாது

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

மதுரை சுற்றுவட்டாரத்தில் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'ஆல்ரவுண்டர்' என்பது புது வார்த்தை இல்லை. ரைடும் போகணும், எதிராளி வந்தால் பிடிக்கவும் செய்யணும். புரோ கபடி லீக் ஏலத்தில்கூட ரைடர், டிஃபெண்டர் தவிர ஆல்ரவுண்டர் என்று தனி வகையே உண்டு. அங்கே இரண்டு வேலையும் அடுத்தடுத்த நிமிடத்தில் வரும். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

கிரிக்கெட்டில் பேட்டிங்கும் பவுலிங்கும் அப்படித்தான். ஆனால் கீப்பிங் வேறு. கையில் க்ளவுஸ் மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பவர், நடைமுறையில் அந்த ஆட்டத்தில் பந்து வீசப்போவதில்லை. எனவே கமலினியிடம் மூன்று திறமை இருந்தாலும், ஒரு நாளில் ஒரு அணிக்குக் கிடைப்பது இரண்டுதான். எந்த இரண்டு என்பதைக் கேப்டனும் பயிற்சியாளரும் முடிவு செய்வார்கள்.

இதுவரை என்ன நடந்திருக்கிறது? 2025 ஜனவரி-பிப்ரவரியில் மலேசியாவில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் டி20 உலகக் கோப்பையில் அவர் ஓப்பனர், கீப்பரும் அவரே. இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் 50 பந்தில் 56 ரன், நாட் அவுட். 114 ரன் இலக்கை இந்தியா ஒரே விக்கெட்டை மட்டும் இழந்து தொட்டது. இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவை 82 ரன்னில் சுருட்டி இந்தியா கோப்பையைத் தூக்கியது.

அடுத்த இரண்டே வாரத்தில் காட்சி மாறியது. பிப்ரவரி 18 அன்று வதோதராவில் மும்பை இந்தியன்ஸுக்காக அறிமுகம். வயது 16 வருடம் 213 நாள். டபிள்யூபிஎல்லில் அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் ஆடியதில்லை. ஆனால் அங்கே ஓப்பனிங் இடம் இல்லை, ஹேலி மேத்யூஸும் யஸ்திகா பாட்டியாவும் இருந்தார்கள். க்ளவுஸும் யஸ்திகாவிடம். கமலினிக்குக் கிடைத்தது பின்வரிசை. உலகக் கோப்பையில் முதல் பந்தைச் சந்தித்தவர், இங்கே கடைசி ஓவருக்காகக் காத்திருந்தார்.

அந்த வேலையையும் ஒருமுறை கச்சிதமாகச் செய்தார். பிப்ரவரி 21, பெங்களூரு, எதிரணி ஆர்சிபி. அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம். மும்பைக்கு இலக்கு 168. கடைசி இரண்டு பந்தில் 2 ரன் வேண்டும் என்ற நிலையில் கமலினி பவுண்டரி அடித்து முடித்தார். 8 பந்தில் 11 நாட் அவுட். அந்த சீசனில் கோப்பையும் மும்பைக்கே.

ஓப்பனர், கீப்பர், ஃபினிஷர் என எதைக் கொடுத்தாலும் செய்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கலும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் இருந்து ஓர் உதாரணம்

'எல்லாம் தெரிந்தவர்' கரியர் எப்படி ஓடும் என்பதற்கு மிகத் தெளிவான உதாரணம் கிரிக்கெட்டில் இல்லை. அமெரிக்கன் ஃபுட்பாலில் இருக்கிறது. நம்ம ஊர் கால்பந்து இல்லை இது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. அதில் 'குவார்ட்டர்பேக்' பந்தை எறிவார். ஓடிப்போய்ப் பிடிப்பவர்களில் முக்கியமானவர் 'வைடு ரிசீவர்'.

ஜூலியன் எடெல்மன் கல்லூரியில் குவார்ட்டர்பேக். 2009-ல் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 7-வது சுற்று வரை யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் 232-வது ஆளாக நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் எடுத்தது. எறிய வேண்டாம், பிடிக்கக் கற்றுக்கொள் என்றார்கள். கற்றுக்கொண்டார். எதிரணி உதைக்கும் பந்தைப் பிடித்து ஓடும் வேலையும் கொடுத்தார்கள். 2011-ல் தடுப்பாட்டக்காரர்கள் பலருக்குக் காயம் என்றதும் அவரையே அந்தப் பக்கமும் நிறுத்தினார்கள். இப்படியே நான்கு வருடம். அணியில் எப்போதும் இருந்தார். ஆனால் எந்த இடமும் அவருடையதாக இல்லை.

2013-ல் அந்த அணியின் பிரதான ரிசீவர் வெஸ் வெல்கர் வேறு அணிக்குப் போனார். காலியான இடத்தில் எடெல்மன் நின்றார். அந்த ஒரே சீசனில் 105 முறை பந்தைப் பிடித்தார். 2019 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியின் ஆட்ட நாயகனும் அவரே. பழைய வித்தையையும் அவர் மறக்கவில்லை. 2015 ஜனவரியில் பால்டிமோருக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் பந்தை வாங்கி, பழைய குவார்ட்டர்பேக் போலவே எறிந்து டச்டவுன் வாங்கிக் கொடுத்தார்.

பல வேலை தெரிந்தது அவரை நட்சத்திரம் ஆக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இடம் காலியாகும் வரை வேலையை விட்டுத் துரத்தாமல் காப்பாற்றியது, அவ்வளவுதான். நட்சத்திரம் ஆனது ஒரு வேலையில் நிலைத்த பிறகு.

காலியாகாவிட்டால்?

அதற்கு வெளிநாடு போக வேண்டாம், தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு.

தினேஷ் கார்த்திக் 2004 நவம்பரில் கீப்பராக டெஸ்ட் அறிமுகம் ஆனார். அடுத்து தோனி வந்தார், க்ளவுஸ் போனது. கார்த்திக் ஓய்ந்துவிடவில்லை. ஓப்பனராக மாறி, 2007 இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் 263 ரன் குவித்தார். அந்தத் தொடரில் இந்தியாவின் அதிகபட்சம் அதுதான். டிராவிட், சச்சின், கங்குலி, லட்சுமண் எல்லாம் இருந்த அணி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கணும். அப்படியும் ஓப்பனர் இடம் நிலைக்கவில்லை. 2010 ஜனவரிக்குப் பிறகு அடுத்த டெஸ்ட் ஆட 2018 ஜூன் வரை காத்திருந்தார். 14 வருட இடைவெளியில் மொத்தம் 26 டெஸ்ட்.

வாஷிங்டன் சுந்தர் கதை இன்னும் நிகழ்காலம். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் அறிமுகத்தில் 62 ரன். அதே மார்ச்சில் அகமதாபாத்தில் 96 நாட் அவுட். பிறகு அடுத்த டெஸ்ட் 2024 அக்டோபரில்தான். வந்த வேகத்தில் புனேயில் நியூசிலாந்தின் 7 விக்கெட்டை ஒரே இன்னிங்ஸில் சாய்த்தார். 2025 ஜூலையில் மான்செஸ்டரில் சதம் அடித்து ஆட்டத்தைக் காப்பாற்றினார். இத்தனைக்கும் பிறகு அதே ஆண்டு நவம்பரில் கொல்கத்தாவில் 3-வது ஆளாக இறங்கினார். அடுத்த டெஸ்ட் குவாஹாட்டி. அங்கே 8-வது ஆள். ஒரு வாரத்தில் ஐந்து படி. இரண்டு இடத்திலும் அவர் மோசமாக ஆடவில்லை, குவாஹாட்டியில் 48 ரன். எங்கே வைத்தாலும் ஆடுவார் என்பதாலேயே எங்கே வேண்டுமானாலும் வைக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கமலினிக்கு மிக நெருக்கமான முன்னோடி, சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி. அவரும் இடதுகை ஓப்பனர், அவரும் சுழற்பந்து வீசுவார். ஆனால் இந்திய அணி அவரை முதன்மையாக ஓப்பனராகப் பார்த்தது. பலன்: 2013-ல் மும்பையில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 100. உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். 2014-ல் மைசூருவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் 192. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பலர் 'யாரு?' என்று கேட்பது நம் கிரிக்கெட் நினைவாற்றலின் குறை, அவருடையது அல்ல.

15 இருக்கை கணக்கு

இப்போது கமலினிக்கு என்ன வாய்ப்பு? இந்திய அணியில் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம்.

ஓப்பனிங்: ஸ்மிருதி, ஷஃபாலி. இருவருமே உச்ச ஃபார்மில். ஷஃபாலியைப் பற்றித் தனியாகவே சொல்லலாம். 2025 ஒருநாள் உலகக் கோப்பை அணியிலேயே முதலில் அவர் இல்லை. பிரதிகா ராவல் காயமடைந்ததால் கடைசி நேரத்தில் அழைத்தார்கள். நவம்பர் 2 இறுதிப் போட்டியில் 87 ரன் அடித்தது மட்டுமல்ல, எப்போதாவது வீசும் ஸ்பின்னால் 2 விக்கெட்டும் எடுத்து ஆட்ட நாயகி ஆனார். இரண்டாவது திறமை எப்போது கைகொடுக்கும் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதற்கு அதைவிடப் பெரிய மேடை இல்லை.

கீப்பிங்: ரிச்சா கோஷ். உலகக் கோப்பை வென்ற அணியின் கீப்பர், கடைசி ஓவர்களில் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்புபவர். இப்போதைக்கு அசைக்க முடியாது.

சுழற்பந்து: தீப்தி சர்மா, ஸ்ரீ சரணி, ஸ்நேஹ் ராணா, புதிதாக வைஷ்ணவி சர்மா. வரிசை நீளம்.

ஆக, 11 பேரில் இடம் பிடிப்பது கஷ்டம். ஆனால் 15 பேரில்? அங்கேதான் கணக்கு திரும்புகிறது. பெரிய தொடருக்குப் போகும் அணிக்கு மாற்று ஓப்பனர் ஒருவர் வேண்டும், மாற்று கீப்பர் ஒருவரும் வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் ஓர் இருக்கை மிச்சம். அந்த இருக்கையில் கூடுதலாக ஒரு வேகப்பந்து வீச்சாளரை உட்கார வைக்கலாம். யஸ்திகா, உமா சேத்ரி போன்ற கீப்பர்கள் இருக்கும்போது இலங்கைத் தொடருக்கு கமலினியை அழைத்ததை இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது. நான்கு ஆட்டம் பெஞ்சில் இருந்தார். ஐந்தாவதில் காலியானது கீப்பர் இடம் இல்லை, ஓப்பனர் இடம். அவர் தயாராக இருந்தார்.

வரும் ஜூன் 12-ல் இங்கிலாந்தில் மகளிர் டி20 உலகக் கோப்பை தொடங்குகிறது. அதற்கான பட்டியலில் அந்த ஒரு இருக்கைக்கான போட்டிதான் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

மதுரையில் இருந்தபடியே முடியாதா?

கமலினி பயிற்சிக்காகப் போனது சென்னைக்கு. சூப்பர் கிங்ஸ் அகாடமியில் செதுக்கப்பட்டவர். தென்மாவட்டத்தில் இருந்து கிரிக்கெட்டில் மேலே போக வேண்டுமென்றால் ஒரு கட்டத்தில் சென்னை பஸ் ஏறித்தான் ஆகணும் என்பது இன்னும் மாறாத நிலை.

மைதானங்கள் இல்லை என்று இனி சொல்ல முடியாது. நத்தத்தில் என்பிஆர் கல்லூரி மைதானத்தில் டிஎன்பிஎல், ரஞ்சி ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. 2025 அக்டோபரில் மதுரை சிந்தாமணி பக்கம் வேலம்மாள் கிரிக்கெட் மைதானத்தை தோனி வந்து திறந்து வைத்தார். மதுரை பாந்தர்ஸ் 2018-ல் டிஎன்பிஎல் சாம்பியன். ஆனால் டிஎன்பிஎல் ஆண்களுக்கான தொடர். சிந்தாமணியில் இருந்தோ, மேலூரில் இருந்தோ, திருமங்கலத்தில் இருந்தோ ஒரு 12 வயதுப் பெண் பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவளுக்கு ஊரிலேயே வருடத்துக்கு எத்தனை சீரியஸான ஆட்டம் கிடைக்கும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. புல்தரை அதற்குப் பதில் சொல்லாது.

அடுத்து?

ஜனவரி 9 அன்று நவி மும்பையில் டபிள்யூபிஎல் புது சீசன். முதல் ஆட்டமே மும்பை - ஆர்சிபி. போன சீசனில் கமலினி கடைசி பந்துகளில் முடித்து வைத்த அதே எதிரணி.

இந்த முறை ஒரு வித்தியாசம் உண்டு. யஸ்திகா பாட்டியா ஏலத்தில் குஜராத் ஜெயன்ட்ஸ் பக்கம் போய்விட்டார். மும்பையில் ஓர் ஓப்பனிங் இடமும், கூடவே க்ளவுஸும் காலி. இரண்டையும் ஒரே நேரத்தில் கமலினியிடம் கொடுத்தால், மலேசியாவில் செய்த அதே வேலையை இந்தியாவின் பெரிய மேடையில் ஒரு முழு சீசன் செய்யும் வாய்ப்பு அது. பின்வரிசைக்கே திரும்ப அனுப்பினால் ஆட்டத்துக்கு எட்டு, பத்து பந்துதான் கிடைக்கும். டாஸ் முடிந்து அணிப் பட்டியல் வரும்போது பார்க்க வேண்டியது அவர் பெயர் இருக்கிறதா என்பதை அல்ல, எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பதை.